கிணற்றாமைக்கு இடம் கொடுத்தவள்

ஈச்சங்கொட்டாயில் கிணற்றாமைக்கு இருந்த மரியாதை அந்த ஊர் மருமகள்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் வண்டிப்பாதையில், ஏரிக்கரையை ஒட்டிக் கிடந்த சின்ன ஊர் அது. குடிதண்ணீருக்கு ஒரே ஒரு சேந்துகிணறு. அதை வெட்டியபோதே ஏரியிலிருந்து ஓர் ஆமையைப் பிடித்து வந்து உள்ளே விட்டிருந்தார்கள். புழு, பூச்சி, செத்த தவளை எல்லாவற்றையும் அது தின்றுவிடும், தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று நம்பிக்கை. கெணத்துக்காரி என்று அதற்குப் பெயர். வாளி அதன் தலையில் இடித்துவிடக் கூடாதென்று பெண்கள் கயிற்றை மெல்ல மெல்ல விடுவார்கள். வீட்டில் மாமியாரோடு சண்டை போட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்குக்கூட அந்தக் கிணற்றடியில் கை அடங்கிவிடும்.

அதே ஆமை கிணற்றை விட்டு வெளியே வந்து ஒரு வீட்டு வாசலை மிதித்துவிட்டால் அந்தக் குடும்பம் அழிந்துபோகும் என்பதும் அதே ஊரின் நம்பிக்கைதான். உள்ளே இருந்தால் சாமி, வெளியே வந்தால் சனியன். இது என்ன நியாயம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மாதுவின் பெண்சாதி பாஞ்சாலியும் கேட்டதில்லை. அவளுக்கு ஆமை பயம் கிடையாது. அவளுடைய பயம் வேறு.

அவளுடைய தலைச்சன் பிள்ளை கோவிந்தன் வாந்திபேதியில் போனவன். காலையில் வரப்பு மேல் ஓடிக்கொண்டிருந்த பையன், உச்சி வெயிலுக்குள் கண் குழிந்து, கை கால் விறைத்து, யாரோ வயசாளியைப் போல ஆகிவிட்டான். வண்டி கட்டி அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேருவதற்குள் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தவளைக் கம்பவுண்டர் வந்து பார்த்தார்.

"ஏம்மா, மொதல்ல கைய கழுவு. இது மாரியாத்தா கோவம் இல்ல. தண்ணியில இருக்கற பூச்சி. கையில ஒட்டிக்கிட்டு வாய்க்குப் போயிடும்."

"எங்கங்க பூச்சி? எங் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே."

"கண்ணுக்குத் தெரியாதும்மா. தண்ணிய கொதிக்க வெச்சா செத்துப்போயிடும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. நல்ல மனுஷன்தான். ஆனால் எதுவரைக்கும் பயப்பட வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்று இவளுக்கும் அப்போது தெரியவில்லை.

அன்றிலிருந்து பாஞ்சாலி வீட்டில் அடுப்பு அணைந்ததே இல்லை. குடிக்கிற தண்ணீர் கொதிக்கவேண்டும், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் கொதிக்கவேண்டும். சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்ப்பாள், சுடுதண்ணீர் ஊற்றுவாள், மறுபடி தேய்ப்பாள். "ஒரு வண்டி வெறகு கொண்டாந்தா சோறாக்க முக்கா கட்டு, மிச்சம் பூரா இவ பூச்சிய கொல்றதுக்கு" என்று மாது ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஊர் அவளுக்குக் கைகழுவி என்று பெயர் வைத்தது. கோவிந்தனுக்குப் பிறகு பிறந்த செல்லியை அவள் அடுத்த வீட்டில் ஒரு வாய் மோர்கூடக் குடிக்க விட்டதில்லை. கோயில் கூழை வாங்கிக் குடித்துவிட்டாள் என்று தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தவள். சாமி கூழையே துப்ப வைத்தாளே என்று ஊர் பேசியது. பேசிக்கொள்ளட்டும் என்றிருந்தாள். அவளுக்குச் செல்லி பிழைத்துக் கிடந்தால் போதும்.

சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஒரு கோடையில் மறுபடி வாந்திபேதி வந்தது. மழை பொய்த்து, கிணறு அடிமட்டத்துக்குப் போய், தண்ணீர் கலங்கிக் கிடந்த நேரம். முதலில் கிழக்குத் தெருவில் ஒரு கிழவன். பிறகு அதே வீட்டில் பெண்கள். பிறகு தெருவுக்குத் தெரு பாடை கட்டினார்கள். பறை அடிக்க வந்தவனே படுத்துவிட்ட பிறகு சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் சுகாதார ஆள் சவுரியப்பன் சைக்கிளில் சிவப்பு மருந்து டின்னைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கிணற்றில் மருந்து போடவேண்டும், நோய் அடங்கும்வரை அடிக்கடி வந்து போடுவேன் என்றார். ஊர் கிணற்றைச் சுற்றி நின்றுகொண்டது. பக்கத்து ஊர்க் கிணற்றில் மருந்து போட்டதும் மீனெல்லாம் செத்து மிதந்த சேதி இங்கே முன்னாலேயே வந்திருந்தது.

"மருந்து போட்டா கெணத்துக்காரி செத்துப்போவா. அவ செத்தா அப்புறம் கெணறு எதுக்குங்க?" என்றார் மணியக்காரர் பச்சியப்பன். கெட்டவர் இல்லை. சொந்தத் தம்பியைப் புதைத்துவிட்டு வந்து நின்றவர்தான்.

"அப்போ ஆமைய வெளிய எடுத்து யார் வூட்லயாச்சும் வெச்சிக்கோங்க. நோய் போனதும் விட்டுக்கலாம்."

யார் வீட்டிலாவது! சாவுக்குப் பயந்து நின்ற அத்தனை பேரும் அதைவிட அதிகமாகப் பயந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் வெச்சிக்கறன்" என்றாள் பாஞ்சாலி.

மாது அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பவில்லை. மருந்து கிணற்றில் விழவேண்டும், செல்லி அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். அவ்வளவுதான் அவள் யோசனை. பச்சியப்பன் ஊரார் முன்னால் ஒரு நிபந்தனை போட்டார். ஆமை உயிரோடு திரும்பி வரவேண்டும். செத்துப்போனால் அன்றோடு மருந்து நிற்கும். மாது குடும்பமும் அந்தக் கிணற்றில் கயிறு விடக் கூடாது. பாஞ்சாலி சரி என்றாள்.

கூடையை இறக்கி ஆமையை மேலே தூக்கினார்கள். பெரிய சோற்றுத் தட்டு அகலத்துக்கு, கருகருவென்று, பாசி வழிய வந்து சேர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பூச்சி நிறைந்த தண்ணீரிலேயே கிடப்பது. பூச்சியையே தின்று வளர்ந்தது. கோவிந்தனைக் கொன்றது அத்தனையும் இதன் ஓட்டில், நகத்தில், வாயில் ஒட்டிக்கொண்டல்லவா இருக்கும்?

"ஏங்கய்யா, இதும் மேல பூச்சி இருக்குமா?"

சவுரியப்பன் டின்னைத் திறந்துகொண்டே, "இருக்கும், இல்லாமயும் இருக்கும். தொட்டா கைய கழுவிக்கோம்மா" என்று ஒரு சின்னப் பொட்டலத்தில் சிவப்பு மருந்து மடித்துக் கொடுத்தார். இருக்கும் என்றால் ஒரு விதமாகப் பயப்படலாம், இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இருக்கும், இல்லாமலும் இருக்கும் என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

மாட்டுக் கொட்டகையில் இருந்த கல்தொட்டியை ஆமைக்கு ஒழித்துக் கொடுத்தாள். மாடுகளை வெளியே வேலியில் கட்டினாள். கையால் தொடாமல் தூக்குவதற்குப் பழைய உறி ஒன்றைக் கம்பில் மாட்டிவைத்துக்கொண்டாள். உறியை ஆமைக்கு அடியில் விட்டுத் தூக்கி, பக்கத்துக் கூடையில் இறக்கி, தொட்டித் தண்ணீரை மொண்டு, கொல்லையில் தோண்டிய குழியில் ஊற்றி, மேலே சுண்ணாம்பு தூவவேண்டும். மருந்து விழுந்த கிணற்றுத் தண்ணீர் ஆமைக்கு ஆகாது. ஏரித் தண்ணீர்தான் கொண்டுவர வேண்டும். ஏரித் தண்ணீரைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு கூசும். அதனால் அதையும் கொதிக்கவைத்து, ஆறவைத்துத் தொட்டியில் ஊற்றினாள். நோய் பிடித்து ஆட்டிய அந்த ஊரில் மிச்சம் இருந்த சிரிப்பெல்லாம் அவள் வேலியோரம் வந்து நின்றது.

"ஆமைக்கு சுடுதண்ணி வெச்சி ஊத்தறாடி கைகழுவி! அடுத்தது எண்ணெய் தேச்சி உடுவா பாரு."

ஆமை தின்ன மறுத்தது. களி உருண்டையைக் கம்பு நுனியில் குத்தி நீட்டுவாள், தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நத்தையைப் பொறுக்கி வந்து போட்டாள், அப்படியே கிடந்தது. செத்துவிட்டதோ என்று கம்பால் மெல்லத் தட்டிப் பார்ப்பாள். அது செத்தால் மருந்து நிற்கும், மருந்து நின்றால் செல்லி. "தின்னு தாயி. எம் புள்ளைக்காவ தின்னு. செத்துகித்து தொலையாத" என்று தொட்டியோரம் குந்திக்கொண்டு கெஞ்சுவாள். ஒரு நாள் கழுத்தை நீட்டி ஒரு நத்தையைக் கவ்வியது. பாஞ்சாலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலகத்திலேயே எதைக் கண்டு அருவருத்தாளோ, அது ஒரு வாய் தின்றதற்கு அழுதாள். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

தொடாத கையைத்தான் கழுவினாள். கம்பைத் தொட்டால் கழுவுவாள், கூடையைத் தொட்டால் கழுவுவாள், கொட்டகைக் காற்று பட்டது என்று கழுவுவாள். சிவப்பு மருந்து கரைத்த தண்ணீர் முதலில் கத்தரிப்பூ நிறமாக இருக்கும், கையில் பட்டுக் காய்ந்தால் பழுப்பாகிவிடும். விரலெல்லாம் கறுத்து, தோல் வெடித்துப்போயிற்று.

"ம்மா, ஒங் கை கெணத்துக்காரி ஓடு மாதிரியே ஆயிடுச்சி" என்று செல்லி சிரித்தாள். அவளுக்கு வீட்டில் ஆமை வந்ததில் சொல்லமுடியாத சந்தோஷம். கூட விளையாட இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், பாதிப் பேரை வீட்டை விட்டு வெளியே விடுவதில்லை. கொட்டகை வாசலில் அம்மா போட்ட கோட்டைத் தாண்டாமல் உட்கார்ந்து, அது எப்போது தலையை நீட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கிணற்றில் போட்ட மருந்து நன்றாகவே வேலை செய்தது. புதிதாகப் படுக்கிறவர்கள் குறைந்தார்கள். சவுரியப்பன் வரும்போதெல்லாம் எட்டி நின்று ஆமையைப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்கம்மா. இன்னும் கொஞ்ச நாளைக்கி இந்தக் கெணத்துத் தண்ணியே குடிங்க. யாரும் ஊர விட்டுப் போவாதீங்க" என்று சொல்லிப் போவார்.

ஒரு நாள் விடியற்காலையில் பாஞ்சாலி ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தபோது செல்லி கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு, ஆமையின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. "ம்மா, இங்க பாரேன், எனுக்கு பயப்படல" என்றாள் செல்லி.

குடம் விழுந்து உடைந்தது. பாஞ்சாலி பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய்ச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். சுடுதண்ணீரை ஊற்றினாள், மருந்தை ஊற்றினாள், மறுபடி தேய்த்தாள். பிள்ளை கத்திய கத்தலில் மாது ஓடி வந்து பிடுங்கினான். அந்தச் சின்னக் கை தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அன்று முழுக்கப் பாஞ்சாலி பிள்ளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதை நம்ப அவளால் முடியவில்லை. இந்த ஆமை இருக்கிற வீட்டில் இனி இந்தப் பிள்ளை இருக்கக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

"எங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடலாங்க."

"சவுரியப்பன் என்னா சொன்னாரு? ஊர விட்டுப் போவாதீங்கன்னு சொன்னாரில்ல?" என்றான் மாது.

"இந்த வூட்ல பூச்சிய நடுவுல வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கறோம். அங்க வாணியாத்து ஊத்துத் தண்ணி. மணல்ல வடிஞ்சி கண்ணாடியாட்டம் இருக்கும். நான் குடிச்சி வளந்ததுங்க."

அவள் பிறந்த நரிமேடு ஆற்றங்கரை ஊர். கோடையில் ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடிப்பார்கள். அடியில் கிடக்கிற மணல் ஒவ்வொன்றாகத் தெரியும். பூச்சி கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாது என்று அத்தனை வருஷம் ஊரோடு மல்லுக்கு நின்றவள், அன்றைக்குத் தன் கண்ணை நம்பினாள். மேலே எந்தெந்த ஊர்க்காரர்கள் அந்த ஆற்றில் எந்தத் துணியை அலசுகிறார்கள் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நரிமேட்டுக்குச் சவுரியப்பனின் சைக்கிள் இன்னும் போகவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது.

அண்ணன் மாதப்பன் வண்டியோடு வந்தான். அவன் வந்த நேரம் பாஞ்சாலி தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். செல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைத் துணிக்கட்டோடு இரண்டு கையையும் நீட்டினாள்.

"ம்மா, தூக்கிக்க. ஒரு வாட்டி தூக்கிக்கிட்டு உட்டுடு."

பாஞ்சாலி இரண்டடி பின்னால் நகர்ந்து கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "கை சுத்தமா இல்ல கண்ணு. தொடாத. போயிட்டு வா. கெணத்துக்காரிய கெணத்துல உட்டதும் அம்மா வந்து தூக்கிக்கறன்."

வண்டி ஏரிக்கரை திரும்பும்வரை செல்லி அழுதது கேட்டது. பாஞ்சாலி உள்ளே போய்க் கை கழுவினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று வயிறு நிறையச் சோறு தின்றாள்.

ஈச்சங்கொட்டாயில் நோய் அடங்கிப்போயிற்று என்று சவுரியப்பன் வந்து சொன்ன அதே வாரத்தில் நரிமேட்டிலிருந்து ஆள் வந்தான். வாசலுக்கு வராமல் வேலிக்கு வெளியே நின்றான். அப்படி நின்றதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. மாதுவும் பாஞ்சாலியும் ஓடினார்கள். அண்ணன் பேச முடியாமல் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். அண்ணி சின்னம்மாள் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் புது மண் மேடுகளைக் காட்டினாள். ஒரே நாளில் பல பிள்ளைகள். தூக்கிப் போனவர்கள் அவசர அவசரமாகப் புதைத்துவிட்டார்கள். எந்த மேடு செல்லியுடையது என்று சின்னம்மாளுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பாஞ்சாலி ஒவ்வொரு மேட்டிலும் கையை வைத்துப் பார்த்தாள். மண்ணெல்லாம் ஒரே மண்ணாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் மாது வீட்டுக்குள் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனான். வாசலில் ஊர் கூடிவிட்டது. ஆமை வந்தது, வீடு அழிந்தது, நாங்கள் அன்றைக்கே சொல்லவில்லையா என்று எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. மாது மண்வெட்டியை ஓங்கினான்.

பாஞ்சாலி உறியைத் தேடவில்லை. பாய்ந்து போய் இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டு ஆமையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். பாசித் தண்ணீர் சேலையில் ஊறி வயிற்றில் இறங்கியது. அத்தனை நாள் கம்பு நுனியில் வைத்துப் பார்த்த அந்த முதுகில் அவள் உள்ளங்கை பட்டது. செல்லி தடவிய இடம் இதுதான் என்று அவளுக்கு நினைப்பு ஓடியது. இதற்காகத்தான் அந்தக் கையைத் தோலுரியத் தேய்த்தாள். கடைசியாக அந்தப் பிள்ளையைத் தொட்டதும் அப்படித்தான்.

"எட்டப் போடி! இதாலதான் போச்சி எம் புள்ள!" என்று மாது அலறினான்.

"இது ஒண்ணும் செய்யலங்க. அவ இங்கயே இருந்திருந்தா இருந்திருப்பா. நான்தான் அனுப்பிச்சன். வெட்டணும்னா என்னிய வெட்டு."

மண்வெட்டி அவன் கையிலிருந்து நழுவியது. அவன் அப்படியே சாணியில் உட்கார்ந்து அழுதான். பாஞ்சாலி ஆமையைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்கினாள். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. கிணற்றடியில் பச்சியப்பன் நின்றிருந்தார். வீட்டுக்குள் போய்வந்த ஆமையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவருக்குத் தயக்கம். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"உசுரோட கொண்டாந்துட்டன். நான் சொன்னத செஞ்சிட்டன். இனிமே எப்போ மருந்து கொண்டாந்தாலும் நீங்க தடுக்கக்கூடாது."

பச்சியப்பன் கூடையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஆமையை அதில் வைத்துக் கயிற்றை மெல்ல மெல்ல விட்டாள். தண்ணீரைத் தொட்டதும் அது கால்களை விரித்து உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு எத்தனையோ கோடைகள் வந்தன. வெள்ளைக்காரன் போனான். மாது குடிக்கப் பழகி, பேச்சைக் குறைத்துக்கொண்டு, அவளோடு ஒரே வீட்டில் யாரோ போல இருந்தான். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் நோய்ச் சேதி கேட்டதும் பாஞ்சாலியே கிணற்றடிக்குப் போய்க் கூடையை இறக்கிவிடுவாள். ஆமை தானாக வந்து ஏறிக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய், ஊர் கட்டிய கதை. மற்றவர்கள் வீட்டில் யாரும் அதை வைத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் நிஜம். அவள் வீட்டில் அடுப்பு இப்போதெல்லாம் சோறாக்கும்போதுதான் எரிந்தது. கைகழுவி என்ற பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

சவுரியப்பனுக்கு மாற்றலாகி வேறொருவர் வந்தார். புது ஆள், நல்ல துடிப்பு. மருந்து கரைத்துக்கொண்டிருந்தவர், கூடையிலிருந்து ஆமையை வெறும் கையால் எடுத்தவளைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏம்மா, அத அப்பிடித் தொடக்கூடாது. கிருமி இருக்கும். தொட்டுட்டா கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவணும், தெரியுதா?"

"அதெல்லாம் புள்ளைங்க இருக்கற வூட்டுக்குங்க" என்றாள் பாஞ்சாலி.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஆமையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சேலை நனைய, வீட்டைப் பார்த்து நடந்தாள்.